ஏணியண்ணனும் ஒரு வாரத்து மருந்தும்

பெரிய கட்டில் விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. முடியும் என்று சொல்கிற சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டு அலமாரியைத் திறந்தால் விரிப்பெல்லாம் பந்து பந்தாக உருண்டு வந்து காலில் விழும். விடுதிக்குப் போகிற விரிப்புக்கு இரண்டு பேர் வேண்டும். இஸ்திரி உருளையிலிருந்து சூடாக வெளியே வருவதை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி, இரண்டு கையையும் சேர்த்து, இன்னொரு தடவை சேர்த்து, அப்புறம் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையைக் கையில் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க இதுதான் வேலை. நாங்கள் இப்படி நடந்த நடையை நேர்கோட்டில் நடந்திருந்தால் இந்நேரம் கடலைத் தொட்டிருப்போம்.

எங்கள் சலவைக்கூடத்தில் எனக்கு ஜோடி ஏணியண்ணன். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம், ஒல்லி, நீளமான கை. நான் அவர் நெஞ்சுக்குக்கூட வரமாட்டேன். அதனால் அவருக்கு ஏணி என்றும் எனக்கு முக்காலி என்றும் யாரோ பேர் வைத்து, அதுவே நிலைத்துவிட்டது. நெட்டையும் குட்டையும் சேர்ந்து விரிப்பைப் பிடித்தால் அது சரிவாகத் தொங்கும், மடிப்பு கோணலாகும். ஆகவே அவர் முழங்காலைக் கொஞ்சம் மடக்குவார், நான் குதிகாலைக் கொஞ்சம் தூக்குவேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட "நிமிர்ந்து நில்லு" என்று அவர் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம் இதில் பாதி விட்டுக்கொடுக்கிற குணம் இருந்திருந்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு வந்திருக்காது.

ஏணியண்ணனுக்கு ஈரல் கெட்டுப்போயிருந்தது. சின்ன வயதில் எங்கோ போட்ட ஊசி வழியாக ரத்தத்தில் ஏறிய கிருமி ஒன்று, சத்தமில்லாமல் உள்ளே குடித்தனம் நடத்தியிருக்கிறது. பிற்பாடு கண்டுபிடித்து மாத்திரை கொடுத்து விரட்டிவிட்டார்கள். ஆனால் அடாவடியான வாடகைக்காரன் காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி ஈரல் முழுக்கத் தழும்பு. கண் மஞ்சளாகும், கால் வீங்கும். உப்புச் சேர்க்கக் கூடாது என்பதால் கடைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, தன் அறையிலேயே எதையோ வேகவைத்துக் கொண்டுவருவார். அதை ஒரு தடவை ருசி பார்த்தேன். அன்று முழுவதும் அவரை நான் திட்டவில்லை.

ஈரல் என்றதும் உலகத்துக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும். இருமல் மருந்தைக்கூடப் போதை இருக்குமோ என்று முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்கிற மனுஷனைப் பார்த்து, "இப்பவாவது நிறுத்தினீங்களா?" என்று கேட்காத ஆள் கிடையாது. முதலில் எல்லாருக்கும் விளக்கம் சொன்னார். அப்புறம் அலுத்துப்போய் "நிறுத்திட்டேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் வயிறு எரியும்.

ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு இனிப்புப் பாகு கொடுத்தார்கள். தினமும் குடிக்க வேண்டும், குடித்தால் அடிக்கடி வெளியே போக வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எங்கள் கூடத்தில் வெளியே போவது சின்ன விஷயமல்ல. கழிப்பறை முற்றத்துக்கு அந்தப் பக்கம். தெருவில் போகிறவர்கள் புகுந்துவிடுகிறார்கள் என்று பூட்டி வைத்திருப்பார்கள். சாவி சூப்பர்வைசரம்மா மேஜையில். யாரும் மறதியாகப் பையில் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாது என்று அதை ஒரு மர ஹேங்கரில் கட்டியிருந்தார்கள். ஆக, போகிறவர் அந்த அம்மாவிடம் கேட்டு, ஹேங்கரைக் கையில் பிடித்து, உருளைக்காரர்கள், பொட்டலம் கட்டுகிறவர்கள் எல்லாரையும் தாண்டி நடக்க வேண்டும். எங்கே போகிறார் என்பதில் யாருக்கும் சந்தேகமே வராது.

ஏணியண்ணன் உயரத்துக்கு அந்த ஹேங்கர் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. காலையில் இரண்டு தடவை, அப்புறம் மறுபடி. அவர் திரும்பி வரும்வரை நான் விரிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மடித்த அடுக்கு ஜோடிக் கணக்கு என்பதால் எங்கள் அடுக்கு மற்றவர்களுடையதைவிடக் குட்டையாக நின்றது.

"அண்ணே, பேசாம அங்கயே ஒரு கட்டில் போட்டுடவா?" என்றார் சூப்பர்வைசரம்மா ஒருநாள், எல்லார் முன்னாலும்.

கூடமே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "போடுங்க, விரிப்பு நம்மகிட்டயே இருக்கு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து அவர் சாவி கேட்கவில்லை. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுக்கு மளமளவென்று ஏறியது.

ஆனால் மடிப்பு கெட ஆரம்பித்தது. அதில் ஒரு விசித்திரம் இருந்தது. வார விடுமுறை முடிந்து வருகிற நாளில் அண்ணன் வெளிறிப்போய், கால் தள்ளாடி வருவார். ஆனால் பேச்சு தெளிவாக இருக்கும், மடிப்பு கத்தி மாதிரி விழும். வாரம் போகப் போக உடம்பு தேறும், புத்தி மங்கும். தலையணை உறையை விரிப்புக்குள் வைத்து மடித்துவிடுவார். நான் சொன்ன நகைச்சுவைக்கு வெகுநேரம் கழித்துச் சிரிப்பார். வாரக் கடைசியில் ஒருநாள், "ஏன் இப்படி இழுக்கறே" என்று என்மேல் எரிந்து விழுந்தார். நான் எரிந்து விழுவது வழக்கம். அவர் விழுந்து நான் பார்த்ததில்லை. கோபத்தைவிட பயம்தான் வந்தது.

அதற்கடுத்த வாரக் கடைசியில் அது நடந்தது. விரிப்பை உதறினோம். கையைச் சேர்த்தோம். நான் நடந்து போய்ப் பாதியில் நின்றேன். அவர் வரவில்லை.

"வாங்கண்ணே."

கையில் இருந்த முனைகளை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அது என்ன பொருள் என்று யோசிக்கிறவர் மாதிரி இருந்தது. விரல்கள் தாமாகவே படபடத்தன. அப்புறம் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். விரிப்பு என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவர் தன் பாட்டுக்கு அதை இழுத்துக்கொண்டு சுவர்வரைக்கும் போய், சுவரில் முதுகு இடித்ததும் நின்றார்.

சூப்பர்வைசரம்மா ஓடிவந்து அவர் வாய்கிட்டே மூக்கை நீட்டினார். "ஒரு மாதிரி வாடை அடிக்குது. காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்திருக்காரு."

"அது ஈரல் வாடையோ என்னவோ. சாராயம் இல்ல" என்றேன்.

"நீ ஏன் அவருக்குப் பரிஞ்சு பேசறே?"

"தெனமும் அவரு எதிர்ல நிக்கிறவ நான். வாடை எனக்குத் தெரியுமா, உங்களுக்குத் தெரியுமா?"

அதற்குமேல் அங்கே நின்று பேசினால் வேலை போய்விடும் என்று தெரிந்தும் இன்னும் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகர்ந்தேன். என் வாய் அப்படி. நல்லவேளையாக என் வீட்டுக்காரர் அதே கூடத்துக்குத்தான் வேன் ஓட்டுகிறார். அழுக்குத்துணி மூட்டைகளுக்கு நடுவே அண்ணனைச் சாய்த்துப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் என்னைப் பார்த்து, "இது யாரு வீட்டுத் துணி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "நம்ம துணிதான், பேசாம படுங்க" என்று நானும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவு வருஷமா குடிக்கிறாரு?"

"பொறந்ததுலேர்ந்து. தண்ணி."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் அவளே மெல்லச் சிரித்து, "சரிம்மா, கோவிச்சுக்காதீங்க. இந்த வார்டுல கேக்கற மொத கேள்வி அதுதான்" என்றாள். நல்ல பெண். கேள்விதான் நல்ல கேள்வியில்லை.

உள்ளே அந்தப் பாகையே வேறு வழியில் செலுத்தி, வயிற்றைக் கழுவி, இரண்டு நாளில் அவரை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஈரல் டாக்டரம்மா வந்தார். என் மகள் வயது இருக்கும், தூக்கம் பார்த்து ரொம்ப நாளான முகம். ஈரல் வடிகட்டாத கழிவு ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போய் ஆளைக் குழப்பிவிடும் என்றும், அதைத் தினமும் வெளியே தள்ளத்தான் அந்தப் பாகு என்றும் அப்போதுதான் எனக்கு விளங்கச் சொன்னார். தினமும் இரண்டு மூன்று தடவை போனால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

"மருந்து ஒழுங்கா குடிச்சிருந்தா இப்படி ஆகியிருக்காது, ஐயா" என்றார்.

"குடிச்சேன்மா. ஒரு சொட்டு மிச்சம் வெக்கல" என்றார் அண்ணன்.

டாக்டரம்மா அவரை நம்பவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது. "உங்களுக்கு மாத்து ஈரல் வெக்கறதைப் பத்தி அடுத்த மாசம் நாங்க எல்லாரும் உக்காந்து பேசப் போறோம். ஒரு ஈரல் கெடைக்கறதே அபூர்வம். அதை வாங்கிக்கறவர் மருந்தை விடாம சாப்பிடுவார்னு எங்களுக்கு நம்பிக்கை வரணும். அது வரலேன்னா உங்களை வரிசையில சேர்க்க மாட்டாங்க. சேர்க்கலேன்னா..." அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

மாற்றுத்துணி எடுத்துவர அண்ணன் தங்கியிருந்த வீட்டுக்குப் போனேன். மாடியில் வரிசையாக ஒற்றை அறைகள். எல்லா அறைக்கும் சேர்த்து நடைபாதைக் கோடியில் ஒரே கழிப்பறை. அவர் அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கட்டில்மேல் நான்கு மூலையும் இம்மி பிசகாமல் மடித்த ஒரு போர்வை. ஜன்னலோரம் காலியான பாகு பாட்டில்கள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. சொன்னது பொய்யில்லை. ஒரு சொட்டு மிச்சமில்லை.

பக்கத்து அறை அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். "நீங்க அவரு தங்கச்சியா? கொஞ்சம் சொல்லி வைங்கம்மா. நல்ல மனுஷன்தான். ஆனா லீவு நாள் வந்தா விடிஞ்சதுலேர்ந்து பாத்ரூமை விட்டு வெளிய வர்றதில்ல. நாங்க பூரா வாளியும் கையுமா வரிசையில நிக்கிறோம்."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல இருக்கற இடமே தெரியாது."

கையில் சட்டையோடு அந்தக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வாரத்தின் முதல் நாள் வெளிறிய முகமும், வாரக் கடைசியில் கோணிய மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின. தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, அவர் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"வாரத்து மருந்து மொத்தத்தையும் லீவு நாள்லயே குடிச்சீங்களா?"

"ஒரே மூச்சுல இல்ல. காலையிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா. எப்படியும் வாரத்துக்குக் குடுத்தது அவ்வளவுதானே."

"எதுக்குண்ணே?"

"அழுக்கை எல்லாம் ஒரு நாள்ல ஊறவெச்சு அலசிட்டா, வாரம் பூரா சுத்தமா இருக்கும்னு நெனச்சேன்."

"சலவைக்கூடத்துல வேலை பாக்கற மனுஷன் பேசற பேச்சா இது? கறையை அன்னன்னிக்கே அலசாம வெச்சா போகுமா?"

"போகாதுதான்" என்றார். போர்வை முனையை இழுத்து நேராக்கினார். "நான் போனா நீ நின்னுக்கிட்டே இருக்கியே, முக்காலி. சாவியை எடுத்துக்கிட்டுத் திரும்பிப் பாப்பேன். விரிப்பு தரையில படக் கூடாதுன்னு கையை மேல தூக்கிக்கிட்டு நிப்பே. உன் முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்கும்."

"என் முகம் பொறந்ததுலேர்ந்து அப்படித்தான் வெடிச்சுக்கிட்டிருக்கு. அதைப் பார்த்தா மருந்தை விட்டீங்க?"

"அடுக்கு கொறஞ்சா உன்னையும் சேர்த்துத்தானே திட்டறாங்க."

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். என்னை நிற்க வைக்கக் கூடாது என்பதற்காக ஒரு மனுஷன் தன் மூளையில் விஷம் ஏற விட்டிருக்கிறார். இந்த மாதிரி அன்பை எந்த அலமாரியில் அடுக்கி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஹேங்கர் உட்பட. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ஒரே நாளில் அப்படிக் குடித்தால் உடம்புத் தண்ணீரெல்லாம் வற்றி அதுவே இன்னொரு ஆபத்து என்றார். "வேலை செய்யற இடத்துல பாத்ரூம் எப்படின்னு நான் கேக்கவே இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, "உங்க முதலாளிக்கு ஒரு கடிதம் தரட்டுமா?" என்றார்.

"வேணாம்மா" என்றார் அண்ணன் அவசரமாக. "ஈரல் வியாதின்னு எழுத்துல போனா, ஆளை மாத்திடுவாங்க. வேற எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

"சரி. எப்படியாவது அடுத்த மாசம் வரைக்கும் தெனமும் மருந்து போகணும். இன்னொரு தடவை இப்படிக் குழம்பி வந்தீங்கன்னா, நான் மட்டும் உங்க பக்கம் பேசிப் பிரயோஜனம் இல்லாம போயிடும்."

ஆக, எங்கள் கையில் ஒரு மாசம்தான் இருந்தது.

அண்ணன் வேலைக்குத் திரும்பிய அன்று காலை, அவர் முகம் லேசாக மாறியதைப் பார்த்ததும் நான் விரிப்பைக் கீழே வைத்துவிட்டு நேராகச் சூப்பர்வைசரம்மாவிடம் போனேன்.

"சாவி வேணும்."

வாங்கிக்கொண்டு முற்றத்துப் பக்கம் நடந்தேன். அழுக்குத்துணி வண்டிக்குப் பின்னால் அண்ணன் வந்து நின்றார். ஹேங்கரை அவர் கையில் கொடுத்தேன். அவர் வரும்வரை வண்டிக்குப் பின்னாலேயே நின்று, வாங்கி, நானே கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போய்க் கேட்டேன்.

"என்ன முக்காலி, வயிறு சரியில்லையா?"

"ஆமா. வயசாகுதில்ல."

அந்த வாரம் முழுக்கக் கூடத்தின் கேலி என் பக்கம் திரும்பியது. எனக்கு என்னென்னவோ கைவைத்தியம் சொன்னார்கள். உருளைக்காரர் ஒருவர் நான் ஹேங்கரோடு போகும்போதெல்லாம் எழுந்து நின்று மரியாதை செய்தார். அண்ணன் கூனிக் குறுகினார். "நீ எதுக்கும்மா என் மானத்தைச் சுமக்கறே?" என்றார். "எனக்கு அந்தச் சாமான் முன்னயே கெடையாது, சுமக்கறதுல கஷ்டமில்ல" என்றேன்.

அடுக்கு குறைந்தது. அதற்கும் ஒரு வழி வேண்டும். கால்சட்டை தொங்கவிடுகிற கிளிப்புகள் இரண்டை எடுத்து, துணி அலமாரியின் கம்பியில் என் தோள் உயரத்துக்குக் கட்டினேன். வண்டிக்குப் பின்னால் காத்து நிற்பதை விட்டுவிட்டு, ஹேங்கரை அண்ணன் கையில் கொடுத்ததும் திரும்பி வந்து, அவருடைய இரண்டு முனையைக் கிளிப்பில் மாட்டிவிட்டு மறுபக்கம் நான் பிடித்தேன். கிளிப்பு முழங்காலை மடக்காது. கிளிப்பு நடந்தும் வராது, முழுத் தூரமும் நான்தான் நடக்க வேண்டும். முதல் நாள் விரிப்பு நாலு தடவை தரையில் விழுந்து திரும்ப அலசப் போனது. நான் மடித்ததைப் பார்த்து அண்ணன் ஒன்றும் சொல்லாமல் பிரித்து மறுபடி மடித்தார். நாளாக நாளாக ஓரளவு வந்தது. ஆனாலும் அவர் மடிப்புக்கு உறைபோடக் காணாது.

ஒருநாள் சூப்பர்வைசரம்மா என்னைக் கூப்பிட்டார். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று புரிந்தது. சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

"சாவி கேக்கறது நீ. போறது அவரு. அப்படித்தானே?"

நான் பேசவில்லை. எனக்கே ஆச்சரியம்.

"அன்னிக்கு நெஜமாவே குடிக்கலையா?"

"ஒரு நாளும் குடிச்சதில்ல."

அந்த அம்மா மேஜைமேல் இருந்த ஹேங்கரைத் திருப்பி வைத்தார். "எங்கப்பாவுக்கும் ஈரல்தான்" என்றார். "அவரு குடிச்சாரு. அதனால எல்லாரும் குடிக்கிறாங்கன்னு..." பேச்சை நிறுத்திக்கொண்டு, ஹேங்கரை எடுத்து என்னிடம் நீட்டினார். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தத் தூண்ல ஒரு ஆணி இருக்கு பாரு. இனிமே அங்கயே தொங்கட்டும். வேணுங்கறவங்க உங்ககிட்ட வந்து எடுத்துக்கட்டும்."

அன்றிலிருந்து அண்ணன் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் நான் சொன்ன நகைச்சுவைக்கு உடனே சிரித்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஒரு மாசம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் வீட்டுக்காரரும் வேனை வெளியே நிறுத்திவிட்டு வந்தார். டாக்டரம்மா அண்ணனின் கையை நீட்டச் சொன்னார். விரல் படபடக்கவில்லை. புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, காகிதத்தில் ஒரு நட்சத்திரம் வரையச் சொன்னார். ஐந்து முனையும் அளவாக வரைந்து, மடிப்பு எங்கே வரும் என்று புள்ளிக்கோடும் போட்டுக் கொடுத்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தடவை போறீங்க?"

அண்ணன் காது சிவந்தது. சின்னப் பெண்ணிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது என்று தரையைப் பார்த்தார்.

"காலையில ரெண்டு, மத்தியானத்துக்கு மேல ஒண்ணு" என்றேன் நான். "சில நாள் சாயங்காலம் இன்னொண்ணு. அன்னிக்கு மட்டும் மருந்தைக் கொஞ்சம் கொறைச்சுக்குவாரு, நீங்க சொன்னபடி."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஆனால் அடுத்த கேள்வி கேட்கும்போது அந்தச் சிரிப்பு இல்லை. "இன்னொரு விஷயம். ஆபரேஷன் நடந்தா, அதுக்கப்புறம் மாசக்கணக்குல ஒருத்தர் கூடவே இருக்கணும். மருந்து குடுக்கணும், இங்க கூட்டிட்டு வரணும். வீட்டுல யார் இருக்கா, ஐயா?"

ஒற்றை அறையும், ஒரு கட்டிலும், கவிழ்த்து வைத்த பாட்டில்களும் எனக்குக் கண்ணில் தெரிந்தன. ஒரு மாசம் பாடுபட்டதெல்லாம் இந்த ஒரு கேள்வியில் நழுவித் தரையில் விழப் பார்த்தது.

"நான் இருக்கேன்" என்றேன்.

"நீங்க என்ன உறவு? தங்கச்சியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து அறை அம்மாவே அப்படித்தான் நினைத்தார். ஆனால் அண்ணன் முந்திக்கொண்டார். அவருக்குப் பொய் சொல்ல வராது.

"சொந்தமில்லம்மா. விரிப்போட அந்தப் பக்கத்தைப் பிடிக்கறவ." பிறகு என் பக்கம் திரும்பி, "அதெல்லாம் வேணாம். உனக்குக் குடும்பம் இருக்கு" என்றார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. கேட்டுவிட்டுச் செய்கிற பழக்கம் எனக்கு எப்போதும் இல்லை. அவர் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"வேன்ல மூட்டைங்களுக்கு நடுவுலயே அவருக்கு இடம் இருந்துச்சு" என்றார். "வீட்டுல இருக்காதா?"

"எங்க வீட்டுல பாத்ரூமுக்கு வரிசையும் கெடையாது" என்றேன் டாக்டரம்மாவிடம். "சாவியும் கெடையாது."

என் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார்கள். எல்லாரும் கூடிப் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். அந்த நாட்களில் நான் எண்ணெய்க் கொப்பரையில் நின்றேன். அண்ணனுக்கு ஒன்றுமில்லை, நிம்மதியாக முழங்காலை மடக்கி மடக்கி வேலை பார்த்தார்.

அழைப்பு வந்தபோது நான் தனியாகத்தான் நின்றிருந்தேன். அண்ணன் பக்கத்து முனைகள் கிளிப்பில் தொங்கின. என் பக்கத்தை ஒரு கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கைபேசியை எடுத்தேன். டாக்டரம்மாவேதான்.

"அவர்கிட்ட குடுங்கம்மா."

"இப்ப இல்லையே."

"ஏன், வேலைக்கு வரலையா? எங்க போயிருக்கார்?" அவர் குரலில் பதற்றம்.

தூணைப் பார்த்தேன். ஆணி காலியாக இருந்தது.

"மருந்து வேலை செய்யுதும்மா" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வரிசையில் சேர்த்துவிட்டார்களாம். எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது, காத்திருக்க வேண்டும், அதுவரை மருந்தை விடக் கூடாது, ஆனால் சேர்த்துவிட்டார்கள்.

என் கையில் இருந்த விரிப்பை எங்கே போட்டேன் என்று தெரியாது. உருளைக்காரர்களைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி ஓடினேன். என் காலுக்கு அது நீண்ட தூரம். கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்று மூச்சு வாங்கினேன்.

"அண்ணே. வரிசையில உங்களைச் சேத்துட்டாங்க."

கதவைத் தட்டினேன்.

"கேட்டுச்சா? டாக்டரம்மா இப்பத்தான் பேசினாங்க."

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கை கழுவ அவ்வளவு நேரம் யாருக்கும் ஆகாது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குள் மறைந்து வேறொரு சத்தமும் கேட்டது. நான் கதவில் சாய்ந்து, அது முடியும்வரை பேசாமல் நின்றேன். பேசாமல் நிற்க எனக்கும் வரும், வேண்டும் என்றால்.

குழாய் நின்றது.

"முக்காலி" என்றார் உள்ளேயிருந்து.

"சொல்லுங்கண்ணே."

"விரிப்பு கிளிப்புலயா தொங்குது?"

"ஆமா."

"நழுவிடும். நீ போய்ப் பிடி. நான் வந்துடறேன்."